பெண் அழைப்புக்கு ஒரு பாட்டு

எங்கள் பேண்டு செட்டில் எழுதி வைத்த பாட்டு என்று ஒன்று கிடையாது. கிளாரினெட் நான். டிரம்பெட்காரர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். மற்றவர்கள் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள். ஆளுக்கொரு பக்கம் இழுப்போம், கடைசியில் எப்படியோ ஒரே இடத்தில் வந்து சேருவோம். ஈஸ்டரோ திருவிழாவோ, அரூர் வரைக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். வாசிப்பு சுத்தம் என்பதற்காக அல்ல. எங்கள் சத்தம் கேட்டால் கிழவிகள்கூட இடுப்பை அசைப்பார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு.

செட்டை ஆரம்பித்தவர் பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சமைத்தவர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பட்டாள பேண்டிலிருந்து காதால் பிடித்ததைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒரு பாட்டை மட்டும் நாங்கள் துள்ளலாக்கிக்கொண்டோம். பெண் அழைப்பு என்றால் அதுதான். அது இல்லாமல் மணப்பெண் வண்டியை விட்டு இறங்குவதில்லை என்று வழக்கமே ஆகிவிட்டது.

யுத்த காலத்தில் என் தங்கையைப் பாப்பாரப்பட்டியில் கொடுத்தோம். அண்ணனே வாசிக்கலாமா என்றார்கள். வேறு எவனை விடுவேன்? ஊர் எல்லையில் வண்டி நின்றதும் அந்தப் பாட்டை எடுத்தேன். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த மாப்பிள்ளையின் அண்ணன் பாய்ந்து வந்து கிளாரினெட்டைப் பிடித்தார்.

"நிறுத்துங்க! செத்த சிப்பாயிங்களப் பொதைக்கிறப்ப வாசிக்கிறதுங்க இது."

டிரம் அடங்கியது. அபசகுனம் என்றார் ஒருவர். வண்டியைத் திருப்பச் சொன்னார் இன்னொருவர். திரும்பிப் போன பெண்ணை அப்புறம் யார் கட்டுவார்கள்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? செத்துப்போன எங்கள் வாத்தியாரை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். தங்கை தலை நிமிரவில்லை.

ஆரத்தித் தட்டோடு நின்றவள் அந்தப் பட்டாளத்துக்காரரின் மனைவி. அவள்தான் பேசினாள்.

"நம்ம கல்யாணத்துக்கும் இவங்கதாங்க வந்தாங்க. இதே பாட்டுதான். சிரிச்சிக்கிட்டே நின்னீங்க, மறந்துட்டீங்களா?"

கிளாரினெட்டை விடாமலே அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொருத்தனையும் குழியில எறக்குறப்ப, இத எங்கியோ கேட்டிருக்கோமேன்னு நெனப்பேன் மச்சான். எங்கன்னுதான் ஞாபகம் வல்ல," என்றார். பிறகு கையை எடுத்தார். "வாசிங்க."

உதடு காய்ந்து, முதல் சுரம் பிசிறியது. தங்கை இறங்கி நடந்தாள். அவர் ஊரே பார்க்க நின்று அழுதார். பெண் உள்ளே போன பிறகும் எங்களுக்கு நிறுத்த மனம் வரவில்லை. அவர் கண்ணைத் துடைக்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப அதையே வாசித்தோம்.