பட்டியலின் முதல் வரி

ஆபீசில் அவனுக்குப் பெங்குவின் என்று பேர். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடுகிற லினக்ஸுக்கு அடையாளப் படம் பெங்குவின். லினக்ஸைத் தவிர வேறு எதையும் கையால் தொடமாட்டேன் என்று வாய் கிழியப் பேசுகிறவனுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? பெற்றவர்கள் வைத்த பேரை அவனே மறந்திருப்பான்.

பள்ளிக்கூட அலுவலகங்களில் இருக்கிற லினக்ஸ் லேப்டாப்புகள் மக்கர் செய்தால் போனிலோ வீடியோவிலோ சரிபண்ணிக் கொடுப்பது அவன் வேலை. வேலையில் கெட்டி, அதில் குறை சொல்ல முடியாது. "வீடியோ கால் போட்டா லேப்டாப் சூடாகுது, ஃபேன் அலறுது, படம் நின்னு நின்னு வருது" என்று வாரத்துக்குப் பத்துப் பேர் கூப்பிட்டார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பத்து வரியில் ஒரு பட்டியல் எழுதி எல்லாப் பள்ளிக்கும் அனுப்பினான். முதல் வரி இதுதான்: 'உங்களுக்குப் பின்னால் இருப்பதை மங்கலாக்கும் பிளர் பொத்தானை அணைக்கவும். பழைய லேப்டாப்பில் பிராசசரை முக்கால்வாசி தின்பது இது.' அதற்குக் கீழே, வேண்டாத வேலையாக, 'உங்கள் வீட்டுச் சுவரை யாரும் விலை பேசப்போவதில்லை' என்று ஒரு நக்கல் வேறு.

அப்புறம் ஆபீஸ் இருந்த மாடியைக் காலி செய்துவிட்டு, எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவன் வீடு ஒரே அறை, அதை ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. ஜன்னலோரம் அவன் மேசை. அவன் நாற்காலிக்கு நாலடி பின்னால் மனைவியின் இஸ்திரி மேசை. எதிரே இருக்கிற மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களின் துணிக்கும் அவள்தான் இஸ்திரி. காலை ஒன்பதுக்குப் பெட்டியைச் சொருகினால் ஒரு மணிக்குத்தான் கழற்றுவாள். சுவருக்குச் சுவர் கயிறு, அதில் ஊரார் சட்டை. தரையில் மூட்டை மூட்டையாகத் துணி, ஒவ்வொரு மூட்டையிலும் வீட்டு எண் எழுதிய துண்டு.

முதல் வீடியோ கூட்டத்தில் சூப்பர்வைசர் மேடத்துக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரி, ஒரு செடி. இன்னொருவனுக்குப் பின்னால் சட்டம் போட்ட ஓவியம். நம்ம ஆள் என்ன செய்தான்? பிளர் பொத்தானை அழுத்தினான். "வீட்ல அவங்க என்ன பண்றாங்க?" என்று மேடம் கேட்டார். "துணி பிசினஸ் மேடம்" என்றான். பொய்யா என்றால் பொய்யில்லை. ஆனால் சொல்லும்போதே காது மடல் சுட்டது. முதுகுக்குப் பின்னால் அவள் ஒரு சட்டைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப் எட்டு வருஷத்துக் கிழம். கால் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் ஃபேன் இரைய ஆரம்பித்துவிடும். பிராசசரில் இருப்பது நாலு கோர், அதாவது நாலு மூளை மாதிரி, அதில் மூன்றரையை பிரவுசர் ஒன்றே விழுங்கும். "உங்க குரல் தண்ணிக்குள்ளேர்ந்து வர மாதிரி இருக்கு" என்றார் மேடம். கூட்டம் முடிந்ததும் அவனை மட்டும் இருக்கச் சொன்னார்.

"பயிற்சியாளர் ஒருத்தரைப் போடறோம். உங்களைத்தான் நினைச்சிருக்கேன். மூணு வாரம் கழிச்சு, பன்னிரண்டு பள்ளி ஆளுங்களுக்கு ரெண்டு நாள் வகுப்பு எடுத்துக் காட்டுங்க. ஆனா அதுக்குள்ள உங்க லேப்டாப்பைச் சரிபண்ணுங்க. சரிபண்ணச் சொல்லித்தரவர் லேப்டாப்பே இப்படி இருந்தா நல்லாவா இருக்கும்?"

போனில் பதில் சொல்கிற ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பயிற்சியாளர் ஆகாவிட்டால் வருஷக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்பவும் வீட்டில்தானே இருக்கிறான் என்று கேட்காதீர்கள், அது வேற.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் துணி கொடுக்கப் போயிருந்தபோது, தனக்குத்தானே ஒரு கால் போட்டுப் பார்த்தான். பிளரை அணைத்தான். இரண்டே நிமிஷத்தில் ஃபேன் அடங்கியது, பிரவுசர் ஒரு கோருக்கும் கீழே இறங்கிவிட்டது. திரையில் அவன் முகம் பளிச்சென்று தெரிந்தது. பின்னால் கயிறு, சட்டைகள், மூட்டைகள். துண்டில் எழுதிய எண்ணைக்கூடப் படிக்கலாம் போல அத்தனை தெளிவு. அரை நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மறுபடி பிளரைப் போட்டான்.

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு மற்ற எல்லா மருந்தையும் சாப்பிட்ட புத்திசாலி இவன் ஒருத்தன்தான். பின்மூடியைக் கழற்றித் தூசு தட்டினான். சிப்புக்குச் சூடு தணிக்கிற பசையைப் புதிதாக வைத்தான். கேமரா படத்தின் தரத்தைக் குறைத்தான், பிரவுசரை மாற்றினான், கிராபிக்ஸ் சிப் வேலை செய்கிறதா என்று நோண்டினான். பட்டியலின் மீதி ஒன்பது வரியும் முடிந்தது. ஏதோ கொஞ்சம் குறைந்தது. ஃபேன் என்னவோ அலறிக்கொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, நான் பெட்டியைச் சொருகும்போது லைட் லேசா மங்குதில்ல? உங்க லேப்டாப் திணறுறதும் அதனாலதானோ?"

இஸ்திரிப் பெட்டிக்கும் பிராசசருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கரண்டே போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும். இதே கேள்வியைப் பள்ளிக்கூடத்து ஆள் யாராவது கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே விளக்கியிருப்பான். அவளிடம், "இருக்கலாம்" என்றான்.

மறுநாள் பத்து மணிக்கு அவன் ஹெட்போனை எடுத்ததும் பெட்டியைக் கழற்றினாள். ஒரு முக்காலியையும் துணிக் கூடையையும் தூக்கிக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். கால் முடிய மணி பன்னிரண்டரை ஆகும். அதுவரை மடிக்கிறதை மடித்து, பட்டன் போனதற்குப் பட்டன் வைத்தாள். விட்டுப்போன வேலையை ஈடுகட்ட விடிவதற்கு முன்னே எழுந்து பெட்டியைச் சொருகினாள். மத்தியானப் புழுக்கத்தில் மறுபடியும் இஸ்திரி மேசையில் நின்றாள். ஒன்பதாம் நாள் அவசரத்தில் ஒரு வெள்ளைச் சட்டையின் காலர் கருகிப்போனது.

"பதினாலாம் நம்பர் வீட்ல இனிமே துணி தரமாட்டாங்களாம்" என்றாள், சாப்பாடு போட்டுக்கொண்டே. "என் மேலதான் தப்பு. தூக்கக் கலக்கம்."

அப்போதாவது வாயைத் திறந்தானா? வகுப்பு முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தான்.

வகுப்பு வியாழக்கிழமை தொடங்கியது. திரையில் பன்னிரண்டு பேர், மூலையில் மேடம். கால் மணி நேரம் போவதற்குள் ஃபேன் கிளம்பிவிட்டது. அவன் படம் வாயைப் பிளந்த மேனிக்கு நின்றுபோனது. மறுபடி வந்தான், மன்னிப்புக் கேட்டான், மறுபடி நின்றான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது ஒரு பள்ளியின் கிளார்க் அம்மா பேசினார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது என்று அறிமுகத்திலேயே சொன்னவர்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அனுப்பின பட்டியலை என் மேசைக்கு மேல ஒட்டி வெச்சிருக்கேன். முதல் வரியில பிளரை அணைக்கச் சொல்றீங்க. உங்களுக்குப் பின்னாடி பிளர் இருக்கே?"

"உங்க வீட்டுச் சுவரை யாரும் விலை பேசப்போறதில்ல சார்" என்று இன்னொருத்தர் அவன் வரியையே அவனுக்கு வாசித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அணைத்தான். "பிளராலதான் மேடம் லேப்டாப் சூடாகுது, அணைச்சுட்டேன்" என்றான். ஃபேன் மெல்ல மெல்ல இறங்கி நின்றது. பின்னால் எல்லாம் தெரிந்தது.

"துணி பிசினஸ்னு சொன்னீங்களே" என்றார் மேடம், மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"என் மனைவி இஸ்திரி போடறாங்க மேடம். எதிர்க் கட்டடங்களுக்கெல்லாம்."

"கயித்துல தொங்கற சட்டையில ஒரு சுருக்கம் இருக்கா பாருங்க" என்றார் கிளார்க் அம்மா. "எங்க சார் அவங்க? கூப்பிடுங்களேன், ஒரு வணக்கம் சொல்லிக்கறோம்."

எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். பேருக்குத்தான் அது கதவு, உள்ளே தும்மினால் மாடிப்படிக்குக் கேட்கும். அவள் மடியில் பாதி மடித்த சட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உன்னைக் கூப்பிடறாங்க."

அவள் எழவில்லை. "பிளர்னா என்னங்க?"

"பின்னாடி இருக்கறது தெரியாம மறைக்கறது."

"அதனாலதான் சூடாச்சா? பெட்டியால இல்லையா?"

"இல்ல."

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

இப்பத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதை எப்படியோ விழுங்கினான். "நீ துணி கொடுக்கப் போனியே, அந்த ஞாயித்துக்கிழமை."

அவள் சட்டையின் மறு கையையும் மடித்தாள்.

"நான் கேட்டது திங்கக்கிழமை" என்றாள். பிறகு, "உள்ள போங்க. பாவம், காத்துட்டிருக்காங்க" என்றாள்.

அவளுக்குக் கை வேலையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வகுப்பை நடத்தினான். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை, குரல் மணி மாதிரி போனது. நாளைக்கும் இப்படியே நடத்தினால் வேலை உங்களுக்குத்தான் என்றார் மேடம். மூன்று வாரமாக எதிர்பார்த்த வார்த்தை அது. வெட்கத்தில் அவனால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை அவனே இஸ்திரி மேசையில் விரிப்பைச் சரிசெய்து, பெட்டியைச் சொருகி வைத்தான். "இனிமே நீ பாட்டுக்குப் போடு. நீ தெரிஞ்சா தெரியட்டும்" என்றான். அவள் ஒன்பதிலிருந்து ஒரு மணி நேரம் நின்று போட்டாள். பத்து மணிக்கு அவன் ஹெட்போனை எடுத்ததும் பெட்டியைக் கழற்றி, முக்காலியைத் தூக்கினாள்.

"கோபமாம்மா?"

"கோபமெல்லாம் இல்லங்க. படிக்கட்டு பழகிடுச்சு. காத்து வேற நல்லா வருது."

கால் தொடங்கியது. லேப்டாப் மூச்சுக் காட்டவில்லை. திரையில் அவனுக்குப் பின்னால் மேசையும் நிமிர்த்தி வைத்த பெட்டியும் பளிச்சென்று தெரிந்தன. இத்தனை நாள் ஃபேன் இரைச்சலில் கேட்காத சத்தம் ஒன்று இன்றைக்குக் கதவு வழியாகக் கேட்டது. அவள் துணியை உதறி உதறி மடிக்கிற சத்தம்.

"இன்னிக்கும் அவங்களைக் காணோமே சார்?" என்றார் கிளார்க் அம்மா.

"வெளிய படிக்கட்டுல உட்கார்ந்திருக்காங்க."

"மேசையும் பெட்டியும் இங்க இருக்கு. அவங்க ஏன் அங்க இருக்காங்க?"

பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். மேடமும் பார்த்தார்.

"பெட்டியாலதான் லேப்டாப் சூடாகுதுன்னு நினைச்சு எழுந்து போனாங்க. இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல" என்றான். "நீங்கல்லாம் அவங்களைப் பார்த்துடக்கூடாதுன்னுதான்."

வெளியே துணி உதறுகிற சத்தம் நின்றது. அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உதறி மடிக்கத் தொடங்கினாள். உள்ளே வரவில்லை.