முட்டியைக் கேட்டு உப்பு வாரியவர்கள்

முதலில் மக்கர் பண்ணியது முட்டி அல்ல, விரல்கள். ஒரு நாள் காலையில் மாவு டப்பாவின் மூடியைத் திறக்க முடியவில்லை. மூடி செய்தவனைத் திட்டினேன். மறுநாள் ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை. தையற்காரரைத் திட்டினேன். முட்டி வீங்கிக் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் போன அன்று, திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

புதுச்சேரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, முடக்குவாதம் (உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்க வைக்கும் நோய்) என்றார். அதுவரை நானும் வீட்டுக்காரரும் கத்தரிக்காய் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தோம். வாரத்துக்கு ஒரு முறை போட மாத்திரை தந்தார். அது வேலை செய்யச் சில மாதம் பிடிக்கும், நடுவில் நிறுத்தவே கூடாது, மேகம் மூடிய நாட்களில் சிலருக்கு வலி கூடும், அன்றைக்கு உடம்பை விரட்டாதீர்கள் என்றார்.

அந்த நாட்களுக்கு நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் உதவலாம். கண் விழித்ததும் எழ மாட்டேன். காலை விறைப்பு (தூங்கி எழும்போது மூட்டுகள் மடங்க மறுப்பது) தளரும் வரை, படுத்தபடியே விரல்களை மெல்ல மடக்கி நீட்டுவேன். பொறுக்கும் சூட்டில் வெந்நீர்த் துணியை முட்டியில் போடுவேன். அன்று சமையல் ரசமும் அப்பளமும்தான். ஏன் என்று கேட்பவருக்கு அப்பளமும் கிடையாது.

வம்பு ஒரு கோடைக் காலையில் வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. முட்டி மட்டும் குடைந்து எடுத்தது. மழை வரும்போல இருக்கிறது என்று சும்மா சொல்லி வைத்தேன். வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, உப்பளத்தில் எங்கள் குத்தகைப் பாத்திகளில் விளைந்திருந்த உப்பை ஆள் விட்டு வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. எங்கள் உப்பு தப்பியது. பக்கத்து உப்பளத்துக் கன்னியப்பனின் உப்பு பாத்தியிலேயே கரைந்து போனது.

மறுநாள் விடிந்ததும் கன்னியப்பன் வாசலில் நின்றார்.

"இன்னா அண்ணி, முட்டி இன்னா சொல்லுது?"

அதன் பிறகு தினமும் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் செல்போன் வைத்திருப்பவர்கள்தான். போனில் காட்டுவது சென்னைக்கான மழையாம், அண்ணியின் முட்டிதான் எங்கள் மரக்காணத்துக்கானதாம். இவ்வளவு பேர் நலம் விசாரிக்கிறார்களே என்று எனக்கு முதலில் கண் கலங்கிவிட்டது. வலிக்கவில்லை என்றால் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வலிக்கிறது என்றால் போட்டது போட்டபடி உப்பளத்துக்கு ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஓடினார். நல்லா இருக்கும் நாளில் வீடு நிறைய ஆள், முடியாத நாளில் வெந்நீர் வைத்துத் தர ஒருவர் இல்லை.

ஒரு நாள் வாயை இறுக மூடிக்கொண்டேன். வெந்நீர் கட்டிலுக்கு வந்தால்தான் முட்டி பேசும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வெந்நீர் வந்தது. கன்னியப்பனே இரண்டொரு தடவை அடுப்பு மூட்டினார்.

சில மாதங்களில் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது. வீக்கம் வடிந்தது. டப்பா மூடி திறந்தது. நான் மூடி மூடித் திறந்து பார்த்தேன். சந்தோஷம் எனக்கு மட்டும்தான். வாசலுக்கு வந்தவர்கள் துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

கன்னியப்பன்தான் மெதுவாக ஆரம்பித்தார். "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. உப்பு சீசன் முடியற வரைக்கும் அந்த மாத்திரைய கொஞ்சம் நிறுத்திப் பாக்கலாமே?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. மறுபடி அந்தக் கட்டிலில் கிடக்க வேண்டுமோ என்கிற பயம். மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

அந்த வாரமே மழை வந்தது. முட்டி முணுமுணுக்கக்கூட இல்லை. உப்பு முழுவதும் பாத்தியில் கிடந்தது. வீட்டுக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். உப்பெல்லாம் போய்விட்டது என்றார்.

"வலிக்கவே இல்லயா?"

"இல்லங்க."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல."

எழுந்து உள்ளே போனார். அரிசிப் பானையை உருட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கையில் வெந்நீர்ச் சட்டியும் மறு கையில் மாத்திரை அட்டையுமாக வந்தார்.

"மாத்திர போட்ற நாளு இன்னைக்கு. பானைக்குள்ள போய் ஏம்மா வச்சிருக்க? எலி கடிச்சிடப் போவுது."

வலிக்கவில்லையே, வெந்நீர் எதற்கு என்று கேட்டேன். மழை பெய்கிறதே, வைத்துக்கொள் என்றார். அன்று நான் அழுததற்கு முட்டி காரணமில்லை.

இப்போதும் சில மேகமூட்ட நாட்களில் விரல்கள் விறைக்கும். அன்று ரசமும் அப்பளமும்தான். முன்பெல்லாம் விடிவதற்குள் அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று உடம்பு சொல்லிவிடும். இப்போது அது முன்கூட்டி எதுவும் சொல்வதில்லை. மழை வருவது, எல்லோரையும் போல எனக்கும் நனைந்த பிறகுதான் தெரிகிறது.