அண்ணனுக்கு வந்தது காசநோய் இல்லை

அண்ணனின் முதலாண்டு நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவுகளே, படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது உங்களில் சிலருக்காகவே எழுதியது. அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். பாதியில் அழுகை போய்க் கோபம் மட்டும் மிஞ்சியது.

அண்ணன் நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் காட்டு வீட்டில் பிறந்தார். அப்பா காலமானதும் பத்தாவதோடு படிப்பை விட்டு ஏர் பிடித்தார். எழுபதுகளின் கடைசியில் கிணறு வற்றியபோது கோழிப்பண்ணை வைத்தார். "மாடு மேச்சவன் கோழி மேய்க்கப் போறானாமா" என்று சிரித்தவர்களே பிறகு அவரிடம் வழி கேட்டு வந்தார்கள். முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். பெரியவர், குழந்தை, முட்டை ஏற்றும் லாரி டிரைவர், எல்லோரும் அவருக்குச் 'சாமி'தான். என்னைச் சங்ககிரியில் கட்டிக்கொடுத்த பிறகும் மாதம் தவறாமல் வருவார். "சும்மா உம் மூஞ்சியப் பாக்க வந்தேன் அம்மிணி, காப்பியெல்லாம் வேண்டாம்" என்பார். இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் எழுவார்.

போன வருட ஐப்பசி மழையில் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். அண்ணனுக்கு அது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. காய்ச்சல் விட்ட பிறகும் இருமலும் மூச்சிரைப்பும் விடவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். யாரும் சளியைச் சோதிக்கவில்லை. ஆனாலும் நம் சனம் 'டிபி' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அப்போது ஒரே வாசலில் குடியிருக்கும் சித்தப்பா வீட்டில் கல்யாணம். அவர் அண்ணியிடம் வந்து நின்றார்.

"அம்மிணி, கல்யாண ஊட்ல இப்படி இருமிக்கிட்டுக் கெடந்தா சம்பந்தி ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? பண்ணைல கொண்டுபோயி உட்டுருங்க."

"ஏனுங் மாமா, அங்க கடலைத்தோல் மூட்டையாக் கெடக்குதுங்களே. இவரு எங்கீங்க படுப்பாரு?"

"நாலு நாளைக்குத்தான? மூட்டையத் தள்ளிப் போட்டாப் போச்சு."

கோழிகளுக்கு அடியில் பரப்புவதற்காகப் பண்ணை அறையில் அடுக்கியிருந்த கடலைத்தோல் அது. மழையில் நனைந்து பூசணம் பூத்திருந்தது. கை வைத்தால் சாம்பலாகப் பறக்கும். அந்த அறைக்கு அண்ணனைக் கட்டிலோடு தூக்கிப்போனார்கள். நான் வாழைமரம் கட்டும் வேலையில் நின்றேன், பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு மன்னிப்பு இல்லை, உங்களுக்கும் இல்லை.

நான் சோறு கொண்டுபோனபோது அண்ணன் சொன்னது: "கோழிக்குச் சளி புடிச்சா டாக்டரக் கூட்டியாந்தேன் சாமி. எனக்குச் சளி புடிச்சா கோழிகிட்டக் கூட்டியாந்துட்டாங்க." சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

நாலு நாள் பன்னிரண்டு நாளானது. மறுவீட்டு விருந்தன்று ரத்தமாகத் துப்பினார். விருந்துக்கு வந்த கார்கள் வரிசையாக நின்றன. ஒருவரும் சாவி தரவில்லை. லாரி டிரைவர்தான் முட்டைத் தட்டுகளை இறக்கிப் போட்டுவிட்டு, அண்ணனை முன் சீட்டில் சாய்த்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்.

அங்கே டாக்டரம்மா சளியைச் சோதித்துவிட்டு வந்து சொன்னார். "காசநோய்க் கிருமியே இல்லம்மா. காய்ச்சல் நுரையீரலைப் புண்ணாக்கியிருக்கு, அந்தப் புண்ணுல பூஞ்சை புடிச்சிருக்கு. இது ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. இவரை எங்க படுக்க வெச்சிருந்தீங்க?"

அண்ணி சொன்னதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அங்க வெச்சிருக்கவே கூடாது."

மருந்து மதராஸிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்தது. அண்ணன் காத்திருக்கவில்லை.

லாரி டிரைவருக்கும், கடைசிவரை கைவிடாத டாக்டரம்மாவுக்கும், கண் மூடாமல் பக்கத்தில் இருந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பம் காலத்துக்கும் கடமைப்பட்டது.

இனி மற்றவர்களுக்கு. அண்ணன் மகளுக்கு இந்த ஒரு வருடத்தில் மூன்று இடங்கள் கூடி வந்தன. மூன்றும் நின்றுபோயின. "அது டிபி ஊடுங்க, பாத்துச் செய்யுங்க" என்று அங்கெல்லாம் போய்ச் சொன்னவர்கள் அந்நியர் அல்லர். யாரென்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சீட்டு அண்ணியிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு, சொன்ன அதே வாயோடு அந்த மூன்று வீடுகளுக்கும் போய் மாற்றிச் சொல்லிவிட்டு வாருங்கள். வந்தால் இலை போடுகிறோம். அதுவரை அண்ணன் படத்துக்கு உங்கள் மாலை வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கை