ஓவனில் பொங்கிய மாவு

விமானப்படையில் வேலை பார்த்த கணவரோடு சேலத்திலிருந்து டெல்லிக்கு வந்தவர் அம்சவேணி. இந்த ஊரின் வெயிலைச் சமாளித்தார், இந்தியைச் சமாளித்தார், காய்கறி வண்டிக்காரர்களிடம் பேரம் பேசி ஜெயித்தார். குளிர்காலத்து இட்லி மாவிடம் மட்டும் ஒவ்வொரு வருடமும் தோற்றார். கம்பளி சுற்றினாலும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் படுக்க வைத்தாலும் மாவு அசையாது.

டெல்லியின் துவாரகா பகுதியிலுள்ள வீட்டுச் சமையலறையில் மருமகள் ஸ்நேஹா அலமாரிக்குள் ஓவன் பதித்தபோதுதான் வழி பிறந்தது. உள்ளே விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை வைத்தால் காலையில் பூப்போலப் பொங்கி நின்றது. ஞாயிறுதோறும் கேக் செய்யும் ஸ்நேஹாவுக்கு அது பிடிக்கவில்லை.

“கேக்ல புளிச்ச வாடை வருது அத்தை. ப்ளீஸ், அதுல மட்டும் வேணாம்.”

அம்சவேணி தலையாட்டினார். வைப்பதை நிறுத்தவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, மாவு வழிந்து ஓவனின் அடியெல்லாம் பரவியிருந்தது. ஸ்நேஹா குளித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வேலைக்கு வரும் ராஜாத்தியிடம், “ஜல்தி, ஜல்தி, அவ வர்றதுக்குள்ள துடைச்சிடு” என்று அம்சவேணி கிசுகிசுத்தார். ராஜாத்தி ஈரத்துணியால் துடைத்தாள். அந்த ஞாயிறு ஸ்நேஹா ஓவனைப் போட்டதும் டப்பென்று வீட்டு மின்சாரமே போனது.

“யாரு இதுல தண்ணி விட்டது?”

“ராஜாத்திதான் ஈரத்துணி போட்டுத் துடைச்சா” என்றார் அம்சவேணி. அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

மறுநாளிலிருந்து ராஜாத்திக்குச் சமையலறை கிடையாது. குளியலறை, தரை, பால்கனி, அவ்வளவுதான். தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப்பகுதி இடிபட்டபின், பாலம் என்கிற பேட்டையில் ஒற்றை அறைக்குக் குடி வந்தவள் அவள். இந்த வீட்டில் காய் நறுக்கியவள். அம்சவேணியோடு சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்தவள். இப்போது டீயைப் பால்கனியில் நின்று குடித்தாள்.

ஓவனைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. பதித்த ஓவன்களை மாற்றிப் பழகிய மிஸ்திரி ஒருவரை ஸ்நேஹா வரவழைத்தாள். அவர் மெயினை அணைத்து, திருகுகளைக் கழற்றி, பழையதை மெல்ல இழுத்துத் தரையில் இறக்கினார். காலிப் பொந்துக்குள் டார்ச் அடித்தார். பலகையிலும் ஒயர் மேலும் வெள்ளைப் பொருக்கு காய்ந்து கிடந்தது.

“யே க்யா ஹை?” என்று விரலால் சுரண்டினார். பிறகு தானே முடிவுகட்டினார். “புட்டி ஹை, மேடம். பில்டர் கா காம்.” சுவருக்குப் பூசும் புட்டியாம், கட்டியவர்கள் சிந்திவிட்டார்களாம்.

“பாத்தீங்களா அத்தை, பில்டர் பண்ண வேலைய!”

அம்சவேணிக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் வாசலில் ராஜாத்தியைக் கண்டார். தரை துடைக்கும் துணியோடு நின்று அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அம்சவேணியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பால்கனிக்குத் திரும்பினாள்.

ஸ்நேஹாவிடம் தமிழில் சொல்ல அம்சவேணிக்கு வாய் வரவில்லை. அது இட்லி மாவு, வைத்தது தான்தான் என்று மிஸ்திரியிடம் இந்தியில் சொன்னார். “புட்டி நஹீ, பையா. இட்லி கா ஆட்டா. மைனே ரக்கா தா.”

மிஸ்திரி விரலை முகர்ந்து பார்த்தார். “இட்லி? ஓவன் மே?”

ஸ்நேஹா வாய்விட்டுச் சிரித்தாள். “அய்யோ அத்தை, மாவு வெச்சதையா மறைச்சீங்க? அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே சிரிச்சிருப்பேனே!” சட்டென்று சிரிப்பு நின்றது. “அப்ப ராஜாத்தி அக்கா?”

“நான்தான் துடைக்கச் சொன்னேன்.”

ஸ்நேஹா பால்கனிக்கு ஓடினாள். “ஸாரிக்கா, ரொம்ப ஸாரி. கிச்சனுக்கு வாங்க” என்று அவள் கெஞ்சுவது கேட்டது.

“இங்க வேல கெடக்குதும்மா” என்றாள் ராஜாத்தி.

புது ஓவன் பொந்தில் ஏறியது. மிஸ்திரி உள்விளக்கைப் போட்டுக் காட்டினார். “இஸ்மே இட்லி மத் ரக்னா, ஆன்ட்டி!” இதில் இட்லி வைக்காதீர்கள் என்று சிரித்தபடி பையைத் தூக்கினார். அம்சவேணியும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

டீ போட்டு, தானே பால்கனிக்கு எடுத்துப்போனார். ராஜாத்தி கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள வந்து குடி ராஜாத்தி. நான் செஞ்சது தப்பு.”

“தெரியும்மா.” கை நிற்கவில்லை. “அப்படி வெச்சிட்டுப் போங்க.”

வைப்பதற்குத் தரையைத் தவிர இடமில்லை. அம்சவேணி டம்ளரைப் பிடித்தபடியே நின்றார். அந்தக் குளிரில் டீ ஆறிக்கொண்டிருந்தது.