ஜெபத்தின் பின்பாதி

என் வீட்டுக்காரர் வாயாடி. ராயபுரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் நின்றாரென்றால் லாரி டிரைவரிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிற சிஸ்டர் வரைக்கும் ஒருவரையும் விடமாட்டார். ஹார்பரில் அவருக்கு லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய இரும்புப் பெட்டிகள் கடலில் சரியாமல் இருக்க, கம்பி மாட்டி முறுக்கிக் கட்டுகிற வேலை. நாள் முழுக்கக் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தாலும் வாய் மட்டும் ஓயாது. "யோவ், செத்த நேரம் சும்மா இருய்யா" என்று நான் கத்தாத நாளே கிடையாது. சொன்ன எத்தனையோ வேண்டுதலில் கடவுள் அதைத்தான் காதில் வாங்கினார்.

ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. ஆறு மாதத்தில் கால் திரும்பியது, வலது கை பாதி திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. சொற்கள் இருந்தன. தண்ணி, மீனு, பாப்பா, எல்லாம் வரும். ஒன்றோடொன்று சேராது. "பாப்பா... போனு" என்பார். கோவையில் கட்டிக்கொடுத்த மகள் போன் பண்ணினாளா, பண்ண வேண்டுமா, ஏன் பண்ணவில்லை என்கிறாரா என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை டம்ளரைக் காட்டி "குடி" என்றார். தாகம் அவருக்கு. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, மனுஷன் உபசரிக்கிறார் என்று நினைத்து முழுவதையும் குடித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ரெண்டு பேரும் சிரித்தோம்.

இப்படி இருந்தவர்தான் ஜெபமாலையில் என்னைத் திடுக்கிட வைத்தார். எங்கள் வீட்டு வழக்கம், மாலையில் ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியை மற்றவர் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முன்பாதி பின்பாதி இரண்டையும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முன்பாதியை முடித்ததும் இருமல் வந்து நின்றுவிட்டேன். பின்பாதி வந்தது. அவருடைய குரலில், ஒரு எழுத்து குறையாமல், சொல்லோடு சொல் சரியாகச் சேர்ந்து வந்தது. நான் மாலையைக் கீழே போட்டுவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள், ஆனால் என் அளவுக்குப் படவில்லை. "ஜெபம், கெட்ட வார்த்தை, ஒண்ணு ரெண்டு எண்றது, இதெல்லாம் மூளையில கட்டாவே இருக்கும்மா. அப்படியே தூக்கி நீட்டிடலாம். புதுசா சொல்றப்போதான் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்ன பின்ன மாட்டிக் கட்டணும். அவருக்கு அந்த இடத்துலதான் அடி" என்றாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. பெட்டியெல்லாம் கப்பலில்தான் இருக்கிறது. கம்பிதான் இல்லை.

புரிந்து என்ன பயன்? நான் செய்தது வேறு. அவர் குரலைக் கேட்க வேண்டும்போல இருக்கும்போதெல்லாம் ஜெபத்தை ஆரம்பித்துவிடுவேன். மீன் கழுவும்போது, துணி மடிக்கும்போது, கரண்ட் போனால். முன்பாதியைப் போட்டால் பின்பாதி வரும். வீட்டில் ஒரு ஆண்குரல் கேட்கும். ஒருநாளும் அவர் மாட்டேன் என்றதில்லை. நான் சாமியை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியும். மகள் கேட்டால், "ஜெபம் சொல்றாரும்மா" என்று பெருமையாகச் சொல்வேன். போனை வைத்ததும் வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். சண்டை போடக்கூட ஆளில்லாத வீட்டில் இரண்டு தட்டு கழுவுகிற கொடுமையை யாரிடம் சொல்ல?

மகள் சின்னதில் ஒரு வேடிக்கை செய்வாள். ஓடுனேன், ஆடுனேன் என்று கேட்டுப் பழகிய பிள்ளை, அதே கணக்கில் "சட்டை போடுனேன்" என்பாள். யாரும் சொல்லித் தந்ததில்லை, அவளே கட்டியது. இவருக்கு அதில் கொள்ளை ஆசை. ஹார்பரிலிருந்து வந்ததும் "இன்னிக்கு கம்பி போடுனேன்மே" என்று என்னிடம் பல்லைக் காட்டுவார். ஒருநாள் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டு, சும்மா, "சட்டை போடுனேன்" என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, தப்பு தப்பு என்று விரலை ஆட்டினார். வாயால் கட்ட முடியாதவருக்குக் காதில் எல்லாம் சரியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். இவ்வளவு கேட்கிறவருக்கு மற்றதும் கேட்குமே என்று.

கோயில் திருவிழாவில் தேர் எங்கள் தெரு வழியாகத்தான் வரும். முன்னெல்லாம் தேருக்கு முன்னால் கூட்டத்தை ஒதுக்குகிற சத்தத்தில் பாதி அவருடையது. பேச்சு போனபின் அவர் கீழே இறங்குவதே இல்லை. அந்தச் சாயங்காலம் தெருப் பெண்கள் மல்லிப்பூவும் பட்டுமாக வாசலில் நின்று கூப்பிட்டார்கள்.

"இன்னாக்கா, வரல?"

பால்கனியிலிருந்து சொன்னேன். "அவரு ஒண்டியா இருப்பாரு. நீங்க போய்க்கினே இருங்க."

அவர்கள் போய்விட்டார்கள். பேண்டு சத்தம் தெருமுனையில் திரும்புவது கேட்டது. உள்ளே வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, வழக்கம்போல முன்பாதியை ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்திவிட்டேன். மேலே போக முடியவில்லை. அவர் தன் பாதிக்காகக் காத்திருந்தார். முன்பாதி முடியாமல் பின்பாதி வராது. 

பிறகு அவர் வாயைத் திறந்தார். "நீ" என்றார். அடுத்தது வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கையால் தொடையைத் தட்டித் தட்டித் தேடினார். எடுத்துக் கொடுக்க எனக்கு வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"நீ... ஒண்டி."

அவ்வளவுதான். முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை, இரண்டு மொட்டைச் சொல். இத்தனை மாதத்தில் அவர் என்னைப் பற்றித் தானே தேடி எடுத்த முதல் பேச்சு அது. நான் மீன் கழுவிக்கொண்டே முன்பாதியை ஆரம்பித்தபோதெல்லாம் எதற்கு ஆரம்பிக்கிறேன் என்று தெரிந்துதான் பதில் சொல்லியிருக்கிறார்.

"ஆமாய்யா, ஒண்டியாத்தான் கீறேன்!" என்று கத்தினேன். எத்தனையோ நாள் கோபம். தேர்ப் பேண்டையும் மீறிக் கத்தினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கத்தி முடிந்ததும் அவர் நாற்காலியைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டேன். மாட்டேன் என்று சொல்லாமல் வந்து உட்கார்ந்தார்.

இப்போது ஜெபமாலை சாயங்காலம் ஒரே தடவைதான். மற்ற நேரத்தில் அவர் எதிரில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். சில நாள் ஒரு சொல் வரும். பல நாள் வருவதில்லை. செத்த நேரம் சும்மா இருக்க இந்த வீட்டில் கடைசியில் கற்றுக்கொண்டது நான்தான்.