பதினோராம் நாள் கொட்டப்பட்ட நீர்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் என் சித்தப்பா மகள் பிரிஸ்கில்லாவுக்கு உரிய பக்கத்தில், "ஆராய்ச்சிப் படிப்பை இடையில் விட்டவர்" என்று எழுதச் சொல்கிறான் அவளுடைய அண்ணன் பால்துரை. அவள் விடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வயது முப்பத்து நான்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றில் தற்காலிக ஆசிரியை. கூமாப்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் வாழும் நீர்த்தெள்ளு என்னும், கடுகிலும் சிறிய உயிரின் ஆயுளையும் பேற்றையும் ஏழாண்டுகள் ஆராய்ந்தாள். தண்ணீர் நிறைந்திருக்கும்வரை அவற்றில் பெரும்பாலும் பெண்களே. ஆண் துணையின்றி, பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே முதுகுப் பைக்குள் குஞ்சு சுமப்பவை. நீர் வற்றத் தொடங்கும்போது ஆண்களும் பிறக்கும். அதன்பின் உருவாகும் முட்டைகள் கெட்டியான உறைக்குள், அடுத்த மழைவரை சேற்றில் உறங்கும்.

ராஜபாளையம் வீட்டின் பின்னறையில் நாற்பது குப்பிகள். குப்பிக்கு ஒரு தாய். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குஞ்சுகளை எண்ணி அகற்றித் தாயைப் புதுநீருக்கு மாற்றுவாள். கடைசித் தாய் சாகும்வரை எண்ணினால்தான், எந்த வயதில் எத்தனை உயிரோடிருந்தன, எத்தனை ஈன்றன என்று காட்டும் ஆயுள் பட்டியல் செல்லும். இருமுறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. ஆய்வேட்டைக் கொடுக்க நவம்பர் பத்து இறுதி நாள்.

2024 அக்டோபர் 22, எண்ணத் தொடங்கிய பதினோராம் நாள். ஒன்பது தாய்கள் மிஞ்சியிருந்தன. "பின்னறைப் பக்கம் போகாதிய அண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் பிரிஸ்கில்லா பேருந்தேறினாள். பகலில் டெங்கு ஒழிப்புப் பணியாளர் முத்துப்பேச்சி வர, பால்துரையே அந்த அறையைத் திறந்துவிட்டான். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது கொசுப்புழு இல்லண்ணே. புழுன்னா நெளியும். இது தத்திக்கிட்டுல்லா போவுது."

"தத்துனா என்ன, தேங்குன தண்ணியக் கொட்டணும்னு நீங்கதான சொல்லுதிய?"

"தங்கச்சி வரட்டும், கேட்டுக்கிடுவோம்."

"அதுவரைக்கும்? தெருவுக்கே நோட்டீஸ் குடுத்தவன் வீட்டுக்குள்ள புழு வளக்கான்னு நாலு பேரு சிரிக்கவா?"

தேங்கிய நீருக்கு எதிராகத் தெருச் சங்கத்தின் பெயரில் நோட்டீஸ் அச்சடித்தவன் அவன். ஒன்பது குப்பிகளையும், அவற்றின் மூலக் கூட்டம் வளர்ந்த தொட்டியையும் கொட்டினான். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மாடிச் சுவரில் வரிசையாகக் கவிழ்த்தும் வைத்தான்.

மாலையில் வந்தவளிடம் பெருமையாகவே சொன்னான்: "ஏட்டி, எப்படிப் பளபளன்னு கழுவி வச்சிருக்கேன் பாத்தியா?"

"கொட்டும்போது எத்தன உசுரோட இருந்துச்சுன்னு பாத்தியளா?"

"தண்ணியில என்னத்தட்டி பாக்க?"

தினக்கூலிக்கு வந்த முத்துப்பேச்சி ஒரே பார்வையில் கண்டதை, ஏழாண்டுகள் அதே வீட்டில் இருந்தவன் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

கோடையில் கண்மாயில் எடுத்துக் காகிதத்தில் பொதிந்து வைத்திருந்த காய்ந்த சேற்றை அவள் நீரிலிட்டாள். நான்காம் நாள் குஞ்சுகள் நீந்தின. சில தலைமுறை பழக்கி, மறுபடி நாற்பது குப்பிகள். கேட்பார் யாருமில்லை, பல்கலைக்கழகப் பதிவு நவம்பர் பத்தோடு ரத்தாகிவிட்டது. ஆனாலும் எண்ணினாள். கடைசித் தாய் இறந்தது நவம்பர் 27 காலை.

"நான் கொட்டுனது வெறும் தண்ணிதான அண்ணாச்சி" என்கிறான் பால்துரை இன்றும்.

ஆகவே அவள் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆயுள் பட்டியல் முழுமையடைந்தது. பட்டம் கிடைக்காததற்குக் காரணம் அண்ணன்." அவனுடைய பக்கத்திலும் அக்டோபர் 22 என்ற தேதியை, கொட்டியது இன்னதென்ற விவரத்தோடு சேர்த்துவிட்டேன்.