கதவுக்காரர் க்ளோவிஸ் கை வைத்த நாள்

க்ளோவிஸ் டாரன்ட் வாஷிங்டனில் சட்டம் போடும் சபையின் பக்கவாட்டுக் கதவை முப்பத்தொரு வருஷம் திறந்து மூடியவர். அந்தக் கதவுக்குப் பத்தடி தள்ளி, உறுப்பினர்களுக்கு மட்டுமான லிஃப்டை ஓட்டியவள் நான், வெர்லீன். செத்தவரைப் பற்றிப் பேசுவதுபோல நல்லவர் வல்லவர் என்று பூசி மெழுகப் போவதில்லை. மனுஷன் உயிரோடுதான் இருக்கிறார். சரியான கஞ்சப்பிசினாரி. ஒரு காபி வாங்கித் தந்ததில்லை. காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு என்ன கண்ணு, தலையில காக்கா கூடு கட்டிருச்சா?" என்பார். நானும் சும்மா விடமாட்டேன். "உங்க வழுக்கையில எடம் இல்லன்னு இங்க வந்துருச்சு மிஸ்டர் டாரன்ட்" என்பேன்.

கஞ்சத்தனத்துக்குக் காரணம் அவர் தம்பி லான்னி. போரில் இரண்டு காலையும் விட்டுவிட்டு வந்தவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பகத்தில் அவனுக்கு ஒரு கட்டில். செலவில் பாதி அரசாங்கம் கொடுத்தது, மீதி க்ளோவிஸின் சம்பளம். இரண்டில் எது நின்றாலும் ஆளை அழைத்துப் போய்விட வேண்டும் என்று காப்பகத்துக்காரி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. உறுப்பினர் மேல் எங்கள் கை படக் கூடாது. ஒருமுறை ஒரு கிழ உறுப்பினர் வாசலிலேயே ரொட்டி விக்கித் திணறினார். அப்போதுகூட க்ளோவிஸ், "ஐயா, முதுகுல தட்டட்டுமா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் தட்டினார்.

அந்த ஜூன் மாதம் சனியன் பிடித்தது. அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தொட்டாகிவிட்டது. வியாழக்கிழமை மூன்று மணி ஓட்டெடுப்பில் வரம்பை உயர்த்தாவிட்டால், மறுநாளிலிருந்து சிப்பாய்க்கும் பணம் கிடையாது, லான்னி மாதிரி ஊனமானவனுக்கும் கிடையாது. உயர வேண்டும் என்று முக்கால்வாசிப் பேருக்கு உள்ளூர ஆசைதான். ஆனால் 'ஆம்' என்று அழுத்திய விரல் தன் விரலாக இருக்கக் கூடாது, ஊரில் தோற்கடித்துவிடுவார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அதனால் கட்சித் தலைவர்கள் இரண்டு மூன்று பேரை ரகசியமாகப் பையில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு ஓட்டு குறைந்தால் அவர்கள் 'ஆம்' போட வேண்டும். குறையவில்லை என்றால் 'இல்லை' போட்டுவிட்டு ஊரில் போய் மார்தட்டலாம். அப்படிப் பையில் கிடந்தவர் வெண்டல் ப்ரூக்ஷர்.

வரம்பு உயராமல் நாடே நாறினால்தான் எதிர்க்கட்சி காலில் விழும் என்று நின்றவர் ஹோயட் டன்லாப். ப்ரூக்ஷரின் கட்சிதான். எருமைக் கழுத்து. மணி அடித்து ஓட்டெடுப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, என் லிஃப்டிலிருந்து இறங்கிய ப்ரூக்ஷரை அவர் தாழ்வாரத்தில் மறித்தார். அந்த நேரம் அங்கே என்னையும் க்ளோவிஸையும் தவிர வேறு யாரும் இல்லை.

"எங்கடா ஓடுற? பையில கெடக்குற பூச்சி!"

ப்ரூக்ஷரின் தலையைப் பிடித்துப் பளிங்குச் சுவரில் மோதினார். இரண்டாவது மோதலில் பல் தெறித்தது. கீழே விழுந்தவரின் விலாவில் டன்லாப் பூட்ஸ் காலால் மிதித்தார்.

"ஐயா, விட்ருங்க ஐயா" என்றார் க்ளோவிஸ். கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. "ஐயா, செத்துருவாரு ஐயா."

"வாசல்நாயே, கதவப் பாருடா!"

ஓட்டெடுப்பு முடிய நாலு நிமிஷம். க்ளோவிஸ் பாய்ந்து டன்லாப்பின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். டன்லாப், வழியை மறிக்கக் கயிறு கட்டும் பித்தளைக் கம்பத்தைத் தூக்கி, அதன் அடிவட்டத்தால் அவர் முகத்தில் ஓங்கி அடித்தார். இடது கண் போயிற்று. ஐயோ, அதைக் கண்ணென்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "க்ளோவிஸ்!" என்று நான் அலறினேன். மறுபடி அடி, தோளில், விரல்களில். மனுஷன் பிடியை விடவில்லை.

"ஓடுங்கய்யா! போய் ஓட்டப் போடுங்க! என் தம்பி இருக்கான்யா!"

ப்ரூக்ஷர் தவழ்ந்து, எழுந்து, உள்ளே ஓடினார். அதற்குள் தலைவர்கள் வேறு ஒருவரைப் பிழிந்து 'ஆம்' வாங்கியிருந்தார்கள். ஒரே ஓட்டில் தேறிவிட்டது. நீ வேண்டாம் என்று கையசைத்தார்கள். ப்ரூக்ஷர் வாயிலிருந்து ரத்தம் ஒழுக 'இல்லை' போட்டார். பாவி!

யார் அடித்தது என்று விசாரணை வந்தது. டன்லாப்பின் பெயரைச் சொன்னால், ஏன் அடித்தார் என்ற கேள்வி வரும். பையில் கிடந்த கதை ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ப்ரூக்ஷர் சொன்னார், கதவுக்காரனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, தன்மேல் பாய்ந்தான், டன்லாப்தான் காப்பாற்றினார் என்று. டன்லாப்பும் அதையே சொன்னார். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பாட்டுப் பாடினால் யார் என்ன செய்ய?

நான் செய்திருக்கலாம். கட்டுப் போட்ட முகத்தோடு க்ளோவிஸ் எனக்கு முன்னால் விசாரணை அறைக்குள் போய் வந்திருந்தார். "லிஃப்ட்ல இருந்த வெர்லீனக் கேளுங்க, அவ பொய் சொல்ல மாட்டா" என்று சொன்னாராம். விசாரணை அதிகாரியே அதை எனக்குப் படித்துக் காட்டினார். அன்று காலை என் மேற்பார்வையாளர் வேறு, "யோசிச்சுப் பேசும்மா, ரெண்டு பிள்ளைங்கள வெச்சிருக்க" என்றிருந்தார்.

"லிஃப்ட் மூணாவது மாடியில இருந்துச்சு ஐயா" என்றேன். "நான் எதையும் பாக்கல."

க்ளோவிஸின் வேலை அந்த வாரமே போயிற்று. அரசாங்கத்தின் பாதிப் பணம் தேதி தவறாமல் வந்தது. மறுபாதிக்கு வழியில்லை. ஆகஸ்டில் காப்பகத்தார் லான்னியை வெளியே அனுப்பினார்கள்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் இல்லாத கட்டிடம். க்ளோவிஸ் தம்பியை முதுகில் சுமந்து மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். வளைந்துபோன விரல்களால் கைப்பிடியைப் பற்றியிருந்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"யாருண்ணே இது?" என்றான் லான்னி.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கூட வேலை பாத்தவடா" என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தார்.